இடப்பக்கப் பின்கதவு

செபமாலை அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரில் ஒரு கார் கராஜின் காத்திருப்பு அறையில் இருந்தேன். குளிர்கால டயர் மாற்றக் காரைக் கொடுத்திருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகள் றெஜினா. "மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். "எப்ப பிள்ளை?" என்று கேட்டேன். "விடிய ஆறு மணிக்கு. நான் பக்கத்திலைதான் இருந்தனான்." அதற்குள் கராஜ்காரர் சாவியோடு வந்து, கையெழுத்துப் போடும்படி ஒரு தாளை நீட்டினார். நான் போடவில்லை. வெளியே போய், காரை ஒருமுறை சுற்றி வந்து, இடப்பக்கப் பின்கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நான் ஏன் அழுகிறேன் என்று அந்த மனிதருக்கு விளங்கியிருக்காது. டயர் மாற்றியதற்கு யார் அழுவார்கள்?

அடக்கப் பூசையில் சுவாமியார் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "யாரோடும் மனத்தாங்கல் கொள்ளாத மனிதர்" என்றார். நான் கடைசி வாங்கில் இருந்தேன். எழும்பி, "சுவாமி, அது சரியில்லை" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்னோடு எட்டு மாதம் கதைக்காமல் இருந்த மனிதர் அவர். ஒரே வீட்டில், ஒரே குசினியில், ஒரே தொழிற்சாலைக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்துகொண்டு எட்டு மாதம்! செத்தவரை இப்படிப் பூசி மெழுகினால், நாங்கள் அறிந்த செபமாலை அண்ணை அதற்குள் இருக்கமாட்டார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பின்னாளில் இந்த நாடே 'தமிழர் வழக்கு' என்று பேசிய அந்த ஆண்டுகளின் தொடக்கத்தில், நானும் அவரும் மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டினோம். இரண்டு அறை வீடொன்றைச் சேர்ந்து எடுத்திருந்தோம். அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம். நான் அப்போது கலியாணம் கட்டாதவன். அவருடைய மனைவி அந்தோனியா அக்காவும் ஒன்பது வயது செலினும் ஆறு வயது றெஜினாவும் மன்னாரில் ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். வெளிநாட்டவர் திணைக்களத்திலிருந்து இடைக்கிடை ஒரு கடிதம் வரும். உங்கள் விண்ணப்பம் கவனத்தில் உள்ளது, அறிவிக்கும்வரை காத்திருக்கவும். இவ்வளவுதான் அதில் இருக்கும். எனக்கு டேனிஷ் கொஞ்சம் பிடிபட்டிருந்ததால் வாசித்துச் சொல்வது என் வேலை. வாசித்து முடித்ததும், "இன்னொருக்கா வாசியுங்கோ தம்பி. ஏதும் விடுபட்டிருக்கும்" என்பார். ஒன்றும் விடுபட்டிருக்காது. ஆனாலும் வாசிப்பேன்.

விண்ணப்பத்துக்குப் பதில் வருமுன்னமே அவர் கார் வாங்கிவிட்டார். சிவப்புக் கார், வேறொருவர் ஓடியது, ஆனால் புதிசு மாதிரி. "ஆக்கள் வரேல்லை, கார் என்னத்துக்கு அண்ணை?" என்று கேட்டேன். "வந்து இறங்கேக்கை பஸ்ஸிலையோ கூட்டிக்கொண்டு வாறது?" என்றார். வேலைக்குக்கூட அதில் போகமாட்டார். ஞாயிறு பூசைக்கு மட்டும் எடுப்பார். பின்சீற்றில் போட்டிருந்த பொலித்தீன் உறையை அவர் கழற்றவில்லை. மனைவியும் பிள்ளைகளும் ஏறும்வரை அந்தச் சீற்றில் யாரும் இருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். ஒருநாள் பூசை முடிய நல்ல மழை. ஒரு புருசனும் பெண்சாதியும் ஏற்றிப்போகும்படி கேட்டார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் அந்த அக்காவை முன்சீற்றில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து புருசனை ஏற்றிப்போனார். மூன்றாம் ஓட்டத்தில் என்னை ஏற்ற வந்தார். நான் நனைந்து நாறிப்போய் நின்றேன். "உங்களுக்கு விசரோ?" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டு முன்கதவைத் திறந்துவிட்டார்.

காரைப் பற்றி வீட்டுக்கு எழுதியபோது, இந்த நாட்டில் ஸ்டேரிங் இடப்பக்கம் என்றும் எழுதியிருந்தார். அதற்கு செலின் பதில் போட்டிருந்தாள். "அப்பா, இடப்பக்க யன்னல் எனக்கு. நான் உங்களுக்குப் பின்னால் இருப்பன். தங்கச்சிக்கு மற்றப் பக்கம்." வான்கடிதத்தில் சீற்றுப் பிடித்துவிட்டாள். அந்தக் கடிதத்தை அவர் தொழிற்சாலையில் எல்லோருக்கும் காட்டினார். டேனிஷ்காரருக்கும் காட்டினார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையாட்டினார்கள்.

கார் வாங்கிய இடத்திலேயே முதல் சேர்விஸ். காலையில் விட்டு, பின்னேரம் எடுத்து வந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். இடப்பக்கப் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். பெயின்ற் உரிந்து உள்ளே தகரம் தெரிந்தது. எதையோ உருட்டிக்கொண்டு போனபோது உரஞ்சியிருக்கிறார்கள்.

"இதென்ன அண்ணை?"

"கண்டனான்" என்றார்.

"எங்கை கண்டனீங்கள்? இங்கை வந்தோ?"

"இல்லை. அங்கையே கண்டனான்."

"கண்டிட்டு?"

"தக் எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டு வந்திட்டன்."

தக் என்றால் நன்றி. இரண்டு தரம் சொன்னாராம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இப்போதே போய்க் கேட்போம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி. முறைப்பாடு எண்டு போனால் என்ரை பேர் எழுதுவாங்கள். அது பைலுக்குப் போகும். பிள்ளையள் வாற நேரம். உங்கடை யாழ்ப்பாண வாயைக் கொஞ்சக் காலம் பூட்டி வையுங்கோ."

இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு டென்மார்க் என்பது ஒரே ஒரு கந்தோர். பொலிஸ், கொம்யூன் என்கிற நகரசபை, வரிக் கந்தோர், கராஜ் எல்லாரும் ஒரே அலுமாரியில்தான் எங்கள் பைலை வைத்திருக்கிறார்கள் என்று நம்பினோம். நூல்நிலையப் புத்தகம் ஒன்றைத் தொலைத்துவிட்டு, இனிக் குடும்பம் வராது என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. எனக்குக் கூப்பிட ஆட்கள் இல்லாததால் அது கொஞ்சம் குறைவாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் வேலையில் நின்ற ஒரு நாள் நான் அவருக்குத் தெரியாமல் கராஜுக்குப் போனேன். அங்கிருந்த பொறுப்பாளர் கார்க்காரரின் பெயரைக் கேட்டார். சொன்னேன். முகவரி கேட்டார். அதையும் சொன்னேன். தாளை எடுத்துக் காட்டி, "குறையேதும் இல்லையென்று கையெழுத்து வைத்திருக்கிறாரே" என்றார். அவர் பயத்தில் வைத்த கையெழுத்து அது என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சத்தம் போட்டேன். பாதி வசனத்துக்கு மேல் தமிழாகத்தான் இருந்திருக்கும். அந்த மனிதர் கோபிக்கவில்லை. விசாரித்து எழுதுகிறேன் என்றார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. நான் வேலை முடிந்து வர, செபமாலை அண்ணை அதை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தார். திணைக்களத்திலிருந்து வந்தது என்று நினைத்திருக்கிறார். சேட்டெல்லாம் மாற்றி, தலைவாரி இழுத்து, பூசைக்குப் போகிறவர்போல இருந்தார்.

வாசித்தேன். "தங்கள் காரில் உள்ள கீறல் எங்கள் பட்டறையில் ஏற்பட்டது. தவறு எங்களுடையது. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். தங்களுக்கு வசதியான எந்த நாளிலும் வாருங்கள். இலவசமாகச் சரிசெய்து தருவோம்." அடி சக்கை என்று மேசையில் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் போனனீங்களோ?"

"ஓம்."

"என்ரை பேர் சொன்னனீங்களோ?"

"ஓம் அண்ணை."

அவர் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அந்தக் கிழமையே திணைக்களத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. கவனத்தில் உள்ளது, இன்னும் காலம் எடுக்கும். அதை அவர் என்னிடம் தரவில்லை. வேறு யாரிடமோ வாசிப்பித்தார். பிறகு அறை வாசலில் வந்து நின்று, "எனக்கு உங்களிலை கோவமில்லை தம்பி. ஆனால் கதைக்க ஏலாமல் கிடக்கு" என்றார். அதுதான் கடைசி. சமைத்தால் எனக்கும் ஒரு பங்கு கறியைக் கோப்பையால் மூடி வைப்பார். சாப்பிடுங்கோ என்று சொல்லமாட்டார். நான் அதைத் தனியே இருந்து சாப்பிடுவேன். பேச ஆளில்லாத நாட்டில், இருந்த ஒரேயொரு ஆளும் பேசாமல் விட்டால் எப்படியிருக்கும் என்று அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் தெரிந்தது. வேலையில் மீனுக்குக்கூட ஏதாவது சொல்லிக்கொண்டு வெட்டினேன்.

மாரிக் குளிர் முடிகிற நேரம் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன். பிறகு அவரிடம் கொடுத்தேன். செலினுக்குக் காய்ச்சல், இடம்பெயர்ந்திருந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது, மூன்றாம் நாள் பிள்ளை முடிந்துவிட்டது. அவர் ரிசீவரை வைத்துவிட்டு வந்து என் அறையில் நிலத்தில் இருந்தார். அழவுமில்லை, கதைக்கவுமில்லை. வெறுந்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். எழும்பிப் போனார். நான் கிழமைகளை எண்ணத் தொடங்கினேன். கராஜுக்குப் போன நாளிலிருந்து எண்ணினேன். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் பிள்ளை இப்போது இங்கே நின்றிருக்குமோ? அந்தக் கேள்வியைக் கேட்க அவரைத் தவிர எனக்கு ஒருவரும் இல்லை. அவரிடம்தான் கேட்கவும் முடியாது.

அதன் பிறகுதான் 'தமிழர் வழக்கு' என்ற அந்த விசயம் வெளியே வந்தது. ஒரு பின்னேரம் தொலைக்காட்சிச் செய்தியில் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். செபமாலை அண்ணை குசினியிலிருந்து வந்து நின்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் கேட்டார்.

"என்ன தம்பி சொல்லுறாங்கள்?"

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன். "எங்கடை ஆக்களின்ரை பைல் எல்லாத்தையும் பாக்காமல் ஓரமா வைக்கச் சொல்லி மேலை இருந்து சொல்லியிருக்கிறாங்களாம் அண்ணை. உங்கடையை மட்டுமில்லை. எல்லாற்றையும்."

"அப்ப கராஜ்?"

"கராஜுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். "அப்ப எட்டு மாசம் உங்களோடை வீணாக் கதைக்காமல் இருந்திட்டன்" என்றார். பிறகு, "செலின் செத்ததைச் சொல்லி அழவும் எனக்கு ஆளில்லாமல் போச்சு" என்றார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் அழுதோம். அடுப்பில் கறி அடிப்பிடித்தது. யாரும் எழும்பவில்லை.

அந்தோனியா அக்காவும் றெஜினாவும் வந்து இறங்கிய நாள் நானும் கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குப் போனேன். வரமாட்டேன் என்றவனை இழுத்துக்கொண்டுதான் போனார். பொலித்தீன் உறையை முதல்நாளே கழற்றியிருந்தார். இடப்பக்கப் பின்கதவைத் திறந்துவிட்டார். றெஜினா கீறலை விரலால் தொட்டுப் பார்த்தாள், உள்ளே ஏறினாள், நிற்காமல் மற்றப் பக்கத்துக்கு நகர்ந்து போனாள். "இது அக்காவின்ரை யன்னல்" என்றாள். அந்தோனியா அக்கா நடுவில் இருந்தார். எஸ்பியர்க் வரும்வரை அந்த இடம் வெறுமையாகவே வந்தது.

அந்தக் கதவை அவர் கடைசிவரை பெயின்ற் அடிக்கவில்லை. கறள் பிடித்தது. காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்த அன்று, "சும்மா அடிச்சுத் தாறம் எண்டவங்களிட்டை ஏன் அண்ணை போகேல்லை?" என்று கேட்டேன். "பாப்பம்" என்றார். காரே போய்விட்டது, இனி என்னத்தைப் பார்ப்பது? ஆனால் அவர் அப்படித்தான் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, றெஜினா ஒரு கடித உறையைத் தந்தாள். "திணைக்களத்துக் கடிதமெல்லாத்தையும் அப்பா எப்பவோ எரிச்சிட்டார் மாமா. இது மட்டும் கிடந்தது." கராஜ் கடிதம். மடித்த இடத்தில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் அவரிடம் மன்னிப்புக் கேட்டு வந்த ஒரே கடிதம், கார்க் கதவுக்காக வந்தது.

"ஆஸ்பத்திரியிலை கடைசிக் கிழமை இதை வாசிக்கச் சொன்னார்" என்றாள். "வாசிச்சன். இன்னொருக்கா வாசி எண்டார். தவறு எங்களுடையது எண்டதைக் கேக்க விரும்புறார் எண்டு நினைச்சு அந்த இடத்தை வாசிச்சன். அதில்லை, அதுக்கு அங்காலை எண்டார்."

"எது?"

"எந்த நாளிலும் வாருங்கள் எண்டது. 'பார் பிள்ளை, வரச்சொல்லி எழுதியிருக்கிறாங்கள். நாள்கூடக் குறிக்கேல்லை' எண்டு சொன்னார்."

கடிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. கையெழுத்து வைக்குமுன் கதவைத் தடவிப் பார்க்கும் பழக்கமும், என் காரில் யாரையும் ஏற்றாமல் விடும் அந்த ஒரு சீற்றும் இருக்கின்றன. செபமாலை அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை இவைதான். என் பிள்ளைகள் வேறு ஊர்களில். வீட்டில் நான் மட்டும். நேற்றுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்து, அவருக்கு வாசிப்பதுபோல் சத்தமாக, அந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசித்தேன். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. இன்னொருக்கா வாசித்தேன்.