காரை விக்க வுடாதவ

எங்க ஊட்டு வாசல்ல ரொம்ப நாளா ஒரு வெள்ளைக் காரு நின்னுக்கினு இருந்துச்சு. முன்னாடி இடது ஓரம் நசுங்கி, லைட்டு இருந்த எடத்துல வெறும் ஓட்டை. மேல நீலத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி வச்சிருந்தேன். போறவங்க வர்றவங்க எல்லாம், "பாவம்பா, அந்தாளுக்குக் காரு மேல உசிரு, விக்க மாட்டேங்கறாரு"ன்னு பேசிக்கினு போவாங்க. கேட்டுக்கினே வாசல் தெளிப்பேன். விக்க வுடாதவ நானு, அவரு இல்ல. இதை நான் பெத்த பொண்ணாண்டகூடச் சொன்னது கெடயாது.

காரு மேல உசிருன்னு அவங்க சொன்னது முழுப் பொய்யும் இல்ல. எங்க ஊட்டுக்காரரு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல இரும்புக் கம்பி பண்ற மில்லுல கிரேன் ஓட்டினவரு. அங்க வேலைய வுட்டுப் போன ஒரு மேனேஜராண்ட இருந்து அந்தக் காரைப் பழசா வாங்கினாரு. எங்க ஊர்ல காலையில எது மேல கை வச்சாலும் மில்லுப் புகை கருப்பா ஒட்டும். எழுந்ததும் அவரு பல்லுகூட வெளக்காம, பழைய வேட்டிய நனைச்சுக்கினு காரைத் துடைக்கப் போயிடுவாரு. நான் கதவைக் கொஞ்சம் வேகமா சாத்திட்டா போதும், "அது இன்னா உங்கப்பன் ஊட்டு மாட்டுக்கொட்டாயா"ன்னு கேப்பாரு. கல்யாணமான நாள்ல இருந்து என் மூஞ்சிய அவ்ளோ கவனமா அவரு பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

கெட்ட மனுஷன் இல்ல. குடி கெடயாது, கை நீட்டினது கெடயாது. என் பேச்சு அவரு காதுல ஏறாது, அவ்ளோதான். பொண்ணைப் பொதட்டூர்பேட்டையில குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு வந்து, தட்டு முன்னாடி குந்தி, குழம்பு ஊத்தச் சொல்ற மாதிரி சொன்னாரு. வயல்ல எந்த நெல்லு போடறது, போர் எங்க எறக்கறது, எதுல வாயத் தொறந்தாலும் "நீ சும்மா இருமே"தான். இருபத்தாறு வருஷம் சும்மா இருந்தேன். சும்மான்னா, உள்ளுக்குள்ள பொகைஞ்சுக்கினு இருந்தேன்னு அர்த்தம்.

கம்பெனியில வருஷத்துக்கு ஒரு வாட்டி கண்ணு டெஸ்ட் எடுப்பாங்க. அப்படி எடுத்ததுலதான் தெரிஞ்சுது, கண்ணுல அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போயிடுச்சுன்னு. நேராப் பாத்தா பேப்பர் படிப்பாரு, பஸ் போர்டு படிப்பாரு. பக்கவாட்டுல யானை வந்தாலும் தெரியாது. போனது போனதுதான், மீதிய காப்பாத்தறதுக்கு தெனமும் சொட்டு மருந்து வுடணும், வண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. கம்பெனியில கிரேன்ல இருந்து எறக்கி, ஸ்டோர் ரூம்ல நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கற வேலைக்கு மாத்திட்டாங்க. அன்னிக்கு வந்து படுத்தவரு ரெண்டு நாள் ஒழுங்கா சோறு துன்னல. பாக்கவே பேஜாரா இருந்துச்சு.

அடுத்த வாரமே பொன்னேரிக்கு உரம் வாங்கப் போணும்னு காரை எடுத்தாரு. வேணாம்னு சொல்லத்தான் வாசலுக்கு ஓடினேன். அவரு மூஞ்சியப் பாத்ததும் சொல்ல வரல, நானும் ஏறிக் குந்திக்கினேன். மார்க்கெட் தெரு திரும்பும்போது இடது பக்கம் ஒரு சைக்கிள் உரசறாப்ல வந்துச்சு. "லெஃப்ட்ல சைக்கிள்"னு கத்தினேன். டக்குன்னு பிரேக் போட்டாரு. திட்டப் போறாருன்னு பாத்தேன், திட்டல. கொஞ்ச தூரம் போனதும் மெதுவா, "இப்ப ஏதாச்சும் வருதா?"ன்னு கேட்டாரு.

அன்னியில இருந்து நான் இல்லாம அவரு காரை எடுக்கல. "குந்திக்கினியா?"ன்னு கேட்டுட்டுத்தான் சாவியத் திருப்புவாரு. நான் மாடுன்னா மாடு, ஆட்டோன்னா ஆட்டோ. போலாம்னா போவாரு, நில்லுன்னா நிப்பாரு. இருபத்தாறு வருஷமா கதவு சாத்திக் கெடந்த காது அந்தக் காருக்குள்ள மட்டும் தொறந்துச்சு. எனக்கு அது எவ்ளோ புடிச்சிருந்துச்சுன்னு சொன்னா காறித் துப்புவீங்க. ஒரு நாள் ரோட்டுல ஈ காக்கா இல்ல. சும்மா, "நில்லுங்க"ன்னேன். நின்னாரு. "இன்னாமே?"ன்னாரு. நாயி குறுக்கப் போச்சுன்னு பொய் சொன்னேன். ஊடு வர வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கல.

பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சு போன்ல கத்தோ கத்துன்னு கத்தினா. நைனாவுக்குத்தான் புத்தி இல்ல, உனக்குமா இல்லன்னு கேட்டா. மாப்ள ஊத்துக்கோட்டையில இருந்து ஒரு ஆளை இட்டுக்கினு வந்தாரு, காரை வாங்கிக்கறதுக்கு. வந்தவனுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. எங்க ஊட்டுக்காரரு நாற்காலியில குந்தியிருந்தாரு, தலைய தொங்கப் போட்டுக்கினு. நான் டீ குடுக்கற சாக்குல போயி, இன்ஜின் ஆயில் குடிக்குது, மழையில அடிப்பக்கம் தண்ணி ஏறுது, கியர் மாட்டிக்குதுன்னு வரிசையா எடுத்து வுட்டேன். எல்லாம் பொய்யி. வந்தவன் டீய பாதியில வச்சுட்டுக் கெளம்பிட்டான். அவரு தலை நிமிந்து என்னைப் பாத்தாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிப் பாக்கல.

அன்னிக்கு வித்திருந்தா ஒரு மனுஷன் இப்ப உசிரோட இருப்பான்.

அப்பால ரெண்டு மாசம் கழிச்சு, பொன்னேரியில சொந்தக்காரங்க ஊட்டுல காது குத்தல். சாப்பிட்டு எல்லாரும் பந்தல்ல குந்தி இருந்தோம். யாரோ ஒருத்தர் அவராண்ட, கண்ணு சரியில்லன்னாங்களே, எப்படிப்பா காரு ஓட்டினு வர்றேன்னு கேட்டாரு. எங்க ஊட்டுக்காரரு சிரிச்சுக்கினே சொன்னாரு: "எனக்கு இன்னாய்யா கண்ணுக்கு? இவதான் பக்கத்துல குந்திக்கினு ரேடியோ மாதிரி வழி பூரா கத்திக்கினு வருவா. நான் காதுலயே வாங்கறது இல்ல." மொத்தப் பந்தலும் சிரிச்சுது. நானும் பல்லைக் காட்டினேன். உள்ள வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம், அந்த எடத்துலயே எழுந்து நாலு வார்த்தை கேட்டுடலாமான்னு இருந்துச்சு. கேக்கல. கேட்டுத் தொலைச்சிருக்கலாம்.

திரும்பும்போது நான் வாயத் தொறக்கல. காதுல வாங்காத மனுஷனுக்கு எதுக்குச் சொல்லணும்? கவரப்பேட்டை வரைக்கும் ரெண்டு பக்கமும் வயல்தான், பெருசா வண்டி இல்ல. அவரு மெதுவா உருட்டிக்கினு வந்தாரு. "பேச மாட்டியா?"ன்னாரு. நான் ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினேன். ஹைவேயில ஏறும்போது, "பின்னாடி லாரி வருதா பாரு"ன்னாரு. அதுக்கு மட்டும் "இல்ல"ன்னேன். அவரு கெஞ்சற மாதிரி கேட்டது எனக்கு நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் தவிக்கட்டும்னு நெனச்சேன். சத்தியமா அதுக்கு மேல ஒண்ணும் நெனக்கல.

சிப்காட் ரோட்டுல நாங்க திரும்பும்போது ரெண்டு மணி ஷிப்ட் வுட்டுட்டாங்க. இடது பக்கம் ஒரு கம்பெனி சந்துல இருந்து சைக்கிள் வந்துச்சு. வடக்க இருந்து வேலைக்கு வந்த ஆளு. முப்பது வயசு இருக்கும். மஞ்சள் ஹெல்மெட்டைக்கூட கழட்டாம, தாடைக்கு வார் போட்டு மாட்டிக்கினு மிதிச்சுக்கினு வந்தான். நான் பாத்தேன். நல்லாப் பாத்தேன். அவரே கேக்கட்டும், "வருதா"ன்னு அவரு வாயால கேக்கட்டும்னு பல்லைக் கடிச்சுக்கினு இருந்தேன். அவரு கேக்கல. நான் வாயத் தொறக்கும்போது சத்தம் கேட்டுடுச்சு.

தலைக்கு ஒண்ணும் ஆகல அவனுக்கு. நெஞ்சுலயும் இடுப்புலயும்தான் அடி. ரோட்டு ஓரம் குந்தி அவன் தலைய என் மடியில வச்சுக்கினு ஆம்புலன்ஸ் வர வரைக்கும் இருந்தேன். அவன் பாஷையில ஏதோ கேட்டுக்கினே இருந்தான். ஒரு வார்த்தை எனக்குப் புரியல. எல்லாத்துக்கும் "ஆமாம்பா, ஆமாம்பா"ன்னு சொன்னேன். மூணாவது நாளு மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரியில செத்துட்டான். அவனோட ரூம்ல தங்கியிருந்த ரெண்டு பேரு பொணத்தை ஊருக்கு எடுத்துக்கினு போனாங்க. போகும்போது எங்களை ஒரு கேள்வி கேக்கல. கேட்டு ரெண்டு அறை அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

போலீசுல என்னையும் கேட்டாங்க. ரோட்டைக் கவனிக்கல சாருன்னு சொன்னேன். எழுதிக்கினாங்க, அவ்ளோதான். ஓட்டினவரு அவரு, கண்ணு போனவரும் அவரு. கோர்ட்டுல மொத வாய்தாவுலயே தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கினாரு. ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வந்தாரு. வரும்போது மீதி இருந்த பார்வையும் முக்கால்வாசி போயிடுச்சு. இப்ப வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும்.

திட்டுவாருன்னு காத்துக்கினு இருந்தேன். திட்டல. ஏன் அன்னிக்கு நீ சொல்லலன்னு ஒரு நாளும் கேக்கல. துக்கம் விசாரிக்கற மாதிரி வர்றவங்க, பக்கத்துல குந்தியிருந்த பொம்பளையாச்சும் பாத்திருக்கக் கூடாதான்னு ஆரம்பிச்சா, அவருக்குக் கோவம் வந்துடும். "இவ பாத்திருந்தா சொல்லியிருப்பா. ஒரு நாளும் சொல்லாம வுட்டது இல்ல"ன்னு அடிச்சுச் சொல்வாரு. ஊரு முழுக்க அதையே சொன்னாரு. என்னை ஒரு பேச்சுக்குக்கூட நம்பாத மனுஷன் அந்த ஒண்ணுல மலை மாதிரி நம்பினாரு. நான் அடுப்பாண்ட போயி நின்னுக்குவேன்.

ஜெயில்ல இருந்து வந்ததும் மொத வேலையா, காரை வித்துடுமேன்னாரு. காத்துல அந்தத் தார்ப்பாய் அடிக்கற சத்தம்கூட எனக்கு வேணாம்னாரு. நான்தான் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளினேன். பேப்பர் காணோம்னேன், நாள் சரியில்லன்னேன். மத்தியானத்துல அவரு தூங்கும்போது தார்ப்பாயத் தூக்கிட்டு உள்ள போயி இடது சீட்டுல குந்துவேன். அந்தக் கண்ணாடி வழியா ரோட்டைப் பாத்தா அவன் வர்றது எனக்கு இப்பவும் தெரியும். "லெஃப்ட்ல சைக்கிள்"னு சொல்லிப் பாப்பேன். எவ்ளோ லேசா வருது அந்த ரெண்டு வார்த்தை! எந்தப் பேப்பர்லயும் என் தப்பு இல்ல, அந்தச் சீட்டுல மட்டும்தான் இருந்துச்சு. அதையும் வித்துட்டா ஜென்மத்துக்கும் நான் அவராண்ட சொல்ல மாட்டேன்னு எனக்கே தெரியும். சொல்லிட்டுத்தான் விக்கணும். சொல்லவும் தைரியம் வரல.

போன மாசம் மாப்ள மறுபடி ஒரு ஆளை இட்டுக்கினு வந்துட்டாரு, என்னைக் கேக்காமலே. வந்தவன் நசுங்கின எடத்தைத் தடவிப் பாத்துட்டு எப்படி ஆச்சுன்னு கேட்டான். எங்க ஊட்டுக்காரரு, "என் தப்புதாம்பா. இவ பாத்திருந்தா சொல்லியிருப்பா"ன்னாரு. முன்னப் பின்ன தெரியாத ஒருத்தனாண்ட அதைச் சொன்னாரு. மாப்ள அந்தாளை இட்டுக்கினு ஆர்.சி. புக்கை ஜெராக்ஸ் எடுக்க ரோட்டுக்குப் போனாரு. அவரு பானெட் மேல கை வச்சுக்கினு நின்னாரு, துடைக்கறாப்ல ரெண்டு வாட்டி தேச்சாரு.

"நான் பாத்தேங்க"ன்னேன்.

இன்னாத்தன்னு அவரு கேக்கல. கை அப்படியே நின்னுச்சு. காது குத்தல்ல அவரு பேசினதுல இருந்து, கோவத்துல வாய மூடிக்கினு வந்தது வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொல்லி முடிச்சப்பறம் பானெட்ல இருந்து கைய எடுத்தாரு. அப்பால ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"நீ பாத்ததும் சொல்லியிருந்தா, நான் நிறுத்தியிருப்பனா?"

"நிறுத்தியிருப்பீங்க"ன்னேன்.

தலைய ஆட்டினாரு. அவங்க வந்ததும் சாவியக் குடுத்துடுன்னுட்டு, செவுத்தைத் தடவிக்கினே உள்ள போயிட்டாரு. அதுவரைக்கும் என் தோளைப் புடிக்காம அவரு ஊட்டுக்குள்ள போனது இல்ல. சாயங்காலத்துக்குள்ள காரு போயிடுச்சு.

கோவமா இருந்தாலாவது ஒரு நாள் தீரும். கோவம் இல்ல. சோறு கேக்கறாரு, பொண்ணோட கொழந்தைங்களைப் பத்தி விசாரிக்கறாரு, பொண்ணாண்ட ஒரு வார்த்தை சொல்லல. காலையில தோட்டத்துப் பக்கம் இட்டுக்கினு போகும்போது, படி இருக்கு, பாத்து எறங்குங்கன்னு நான் சொல்றேன். இப்பல்லாம் அவரு நின்னு, ஒரு காலை நீட்டி, கட்டை விரலால தரையத் தேடிப் பாத்துட்டு அப்பால எறங்கறாரு.