உப்பு ஏற்றிப் போனவன்

காசிம் காக்கா போய்விட்டார் என்று அவருடைய மருமகன் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் கட்டுரையை மூன்று வருடம் நிறுத்தி வைத்தவர், ஒரு முடிவும் சொல்லாமல் போய்விட்டார்.

மஸ்கட்டின் ரூவி கடைத்தெருவில் அவருடைய பாத்திரக்கடையை அறியாத தமிழர்கள் குறைவு. எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்கும் அவர்தான் ஆசிரியர். மத்திய அமெரிக்காவில் வாழ்ந்த பழைய மாயர்களின் கடற்கரை ஊர்களைப் பற்றி எழுதி, ஃப்ளாப்பியோடு அச்செடுத்த தாள்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்பு ஏற்றிய ஓடங்கள் கரையோரமாகவே போகும். எரிமலைக் கண்ணாடிக் கல்லும் கொக்கோவும் திரும்பி வரும். குக்கர் வாங்க வந்தவரை நிற்க வைத்துவிட்டுப் படித்தார்.

"போன சரக்கு இருக்கு, வந்த சரக்கு இருக்கு. கொண்டு போனவன் வீடு திரும்புனானா தம்பி?"

கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும், சுமந்தவன் கதையை எந்தக் கல்லும் சொல்லாது என்றேன். தேடிப் பாருங்கள் என்றார். தேடினேன். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம்கூடப் போட்டேன், பதில் இல்லை. வெறுத்துப்போய், 'அவர்கள் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினார்கள்' என்று சேர்த்துக் கொடுத்தேன். சிவப்பு மையால் அடித்துவிட்டு, "நீங்க பார்த்தீங்களா?" என்றார்.

அந்த வரியை எடுத்துவிட்டுக் கொடுத்தும் கட்டுரை திரும்பி வந்தது. எனக்கான பக்கங்களில் ஒரு வருடம் பிரியாணிக் குறிப்பு, மறுவருடம் சேமியா பாயசம். மனிதரோடு மல்லுக்கட்டி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒருநாள் கடையிலேயே கத்தினேன். நீங்கள் சொந்த ஊர் காயல்பட்டினம் போய் எட்டு வருடம் ஆகிறதே, முதலில் நீங்கள் திரும்புங்கள் என்றேன்.

"ஹலாஸ், போதும், பேச்ச மாத்தாதீங்க," என்று சாயா வரவழைத்தார். அன்று நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

மஸ்கட்டிலேயே அடக்கம் செய்தோம். அன்று மாலை ஊரிலிருந்த அவர் மனைவியிடம் போனில் பேசினேன். அழுகை நின்ற பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "இந்த நோன்புக்குக் கட்டாயம் வாரேன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்."

கட்டுரை இப்போது முடிந்துவிட்டது. கடைசி வரி இது: 'உப்பு ஏற்றிப் போனவன் திரும்பினானா என்று தெரியவில்லை, வீட்டில் அவனை எதிர்பார்த்திருந்தார்கள்.' அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது 'நீங்க பார்த்தீங்களா?' என்ற கேள்வி ஒன்றுதான். இந்த வரிக்கும் அதையேதான் கேட்பார். பார்க்கவில்லை காக்கா, போனில் கேட்டேன்.