இரண்டு ஆர்டிஸ்கள்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, மின்னசோட்டாவில் என் வீட்டுச் சமையலறையில், பட்டப்பகலில் இது நடந்தது. நேரங்களைக் கணினியே குறித்து வைத்திருக்கிறது. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இணையத்தில் ஓர் இலவச வம்சாவளித் தளத்தில் அம்மா வழிக் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் பொதுவான தளம் அது. யாரும் எதையும் சேர்க்கலாம், திருத்தலாம். அதனால் ஒரே ஆளை இரண்டு பேர் இரண்டு முறை ஏற்றிவிடுவது சகஜம். அப்படிப்பட்ட இரட்டைப் பதிவு கண்ணில் பட்டால், ஒன்றாக்கிவிட எங்களைப் போன்றவர்களுக்குக் கை பரபரக்கும்.

அன்று தளத்தில் தாத்தாவின் பிள்ளைகள் பட்டியலில், ஆர்டிஸ் என்ற பெயரில் இரண்டு மகள்கள் இருந்தார்கள். ஒருத்தி என் அம்மா: பிறப்பு 1940, உயிருடன் இருக்கிறார். இன்னொருத்தி: பிறப்பு 1930, இறப்பு 1937. தனக்கு ஓர் அக்கா இருந்ததாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. யாரோ தேதிகளைத் தப்பாக ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தேவாலயப் பதிவேட்டின் படம் அங்கேயே இருந்தது. திறந்து பார்க்கவில்லை. சோம்பல். கொஞ்சம் கர்வமும்கூட... என் குடும்பம் எனக்குத் தெரியாதா?

'இருவரும் ஒருவரே' என்ற பொத்தானை அழுத்தினேன். மணி 2.14.

2.20க்குத் தொலைபேசி. அம்மா இருக்கும் முதியோர் இல்லத்து நர்ஸ் ஷெல்பி.

"லோயிஸ், உங்கம்மா ஒரு மாதிரி இருக்காங்க. இப்பதான் சீட்டாட்டத்துல என் சாக்லேட்டையெல்லாம் ஜெயிச்சு, 'உனக்கு ஆடத் தெரியலைன்னா பேசாம துணி மடி'ன்னு கிண்டல் பண்ணாங்க. திடீர்னு சீட்டைக் கீழ போட்டுட்டு, இது என்னன்னு கேக்கறாங்க."

"அவங்ககிட்ட குடுங்க."

மூச்சுச் சத்தம். அடைத்துக்கொண்டு வரும் மூச்சு.

"அம்மா?"

"நீ யாரு?"

குரல் அம்மாவுடையதுதான். பேச்சு... ஒரு சிறுமியுடையது.

"நான் லோயிஸ்மா."

"எம்பேர அவ வச்சுக்கிட்டா. எத்தனையோ தடவ கேட்டேன். தரவே இல்ல. நீதான் குடுத்த."

"எங்கம்மா எங்க?"

சிரிப்பு. "நான் இருந்த எடத்துல. குளுருது குளுருதுன்னு அழுவுறா. அழட்டும்."

செய்ததை மாற்றவும் தளத்தில் வழி உண்டு. இருவரையும் மறுபடி பிரித்தேன். மணி 2.31.

இரண்டு ஆர்டிஸ்களும் தனித்தனியாக வந்தார்கள்.

1930இல் பிறந்தவள்: உயிருடன் இருக்கிறார்.

1940இல் பிறந்தவள்: இறப்பு... அன்றைய தேதி.

அழித்தேன். மறுபடி வந்தது.

அழித்தேன்...

வந்தது.

டொக். டொக். தொலைபேசியின் அந்தப் பக்கம் நகத்தால் தட்டும் சத்தம்.

"அழிக்காத."

இப்போது அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். மறதி நோய் என்கிறார் டாக்டர். நான் உள்ளே போனால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள்.

அது நடந்த மறுநாள் காலை அம்மாவின் அண்ணன் ஓர்வில் மாமாவைக் கூப்பிட்டேன். வயது தொண்ணூற்று மூன்று.

"மாமா, அம்மாவுக்கு முன்னால இன்னொரு ஆர்டிஸ் இருந்தாளா?"

"இருந்தா. தொண்டை அடைச்சு ஏழு வயசுல போயிட்டா. செத்த புள்ளையோட பேர அடுத்து பொறக்கறதுக்கு வைக்கிறது நம்ம நார்வேக்காரங்க பழக்கம்தானே? இதுகூடத் தெரியாம என்னத்த வம்சத்தத் தேடுன?"

அவரே தொடர்ந்தார்.

"அவளுக்கு மட்டும் அந்தப் பழக்கம் புடிக்கல. எனக்கு அப்ப அஞ்சு வயசு, கட்டில் பக்கத்துல நின்னேன். எங்கம்மா கையில நகம் பதியப் புடிச்சுக்கிட்டு, கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா..."

"என்ன சொன்னா?"

"'எம்பேர யாருக்கும் குடுக்காத. குடுத்தா வந்து வாங்கிக்குவேன்.'"