விருப்பப் பாடம்

எம்.இ. முதல் செமஸ்டருக்கு விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் தந்திருந்தார்கள். ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். "மோட்டார், பேட்டரின்னு எடும்மா. படிச்சு முடிக்கறதுக்குள்ள வேலை கெடைச்சிரும்" என்றார் பேராசிரியர். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஆனால் குறிக்க உட்காரும்போதெல்லாம் கண் 'பவர் சிஸ்டம் புரொடெக்‌ஷன்' என்ற வரியில் போய் நின்றது. கோளாறு நேர்ந்த நொடியில் மின்சாரத்தைத் தானாகத் துண்டிப்பது பற்றிய பாடம் அது.

அப்பா இறந்தது மின்வேலியில். சானமாவு காட்டை ஒட்டிய எங்கள் ராகிக் கொல்லைக்கு அடுத்தது, அப்பாவின் தம்பியுடையது. காட்டுப்பன்றிக்காகக் கம்பத்திலிருந்தே நேராகக் கரண்டு இழுத்துக் கம்பி கட்டியிருந்தார் சித்தப்பா. எங்களிடம் சொல்லவில்லை. விடியற்காலையில், அவிழ்த்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடிப் போன அப்பா அதில் விழுந்து கிடந்தார். நான் அப்போது பிளஸ் டூ.

சித்தப்பா ஜெயிலுக்குப் போய்விட்டு, பக்கத்து வீட்டுக்கே திரும்பி வந்தார். அம்மா அவரோடு பேசுவதில்லை. வந்ததிலிருந்து அவர் ஒரு சுவிட்சைக்கூடத் தொட்டதில்லை. சித்தி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி விளக்கைப் போடும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஜன்னலிலிருந்து அந்த உருவம் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்த நேரம், சித்தப்பா வாசலில் வந்து நின்றார்.

"கரண்டு படிப்புதானே மேல படிக்கறே?"

"ஆமாங்க சித்தப்பா."

"அண்ணனுக்கு ரொம்ப நேரம் வலிச்சிருக்குமா, பாப்பா?"

ஈர மண், வெறுங்கால் என்று படித்ததெல்லாம் மனதில் ஓடியது. "தெரியலைங்க" என்றேன்.

"அன்னிக்கி ஏதோ கத்தற மாதிரி கேட்டுச்சு. பன்னி மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு திரும்பிப் படுத்துட்டேன்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

மறுநாள் புரொடெக்‌ஷனைக் குறித்துக் கொடுத்தேன். "இதுக்கு இந்தப் பக்கம் வேலை கம்மிம்மா" என்றார் பேராசிரியர். "பரவாயில்லைங்க சார்" என்றேன்.

இப்போது ஆய்வகத்தில் கோளாறை உண்டாக்கி, மின்சாரத்தைத் துண்டிக்கவைக்கும் ரிலேயைச் சோதிக்கிறோம். 'டக்'கென்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்துவிடும். மற்றவர்கள் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்குள் ஒரு மனுஷன் கத்த முடியுமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சித்தப்பா சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.