கல்லுக்கு அடியில் தண்ணீர் தேடியவர்

ஏரம்புவின் உச்சந்தலையைத்தான் நான் முதலில் கண்டது. 1961 ஆம் ஆண்டு, ஆனி மாதம். பேராதனையில் புவியியல் பட்டம் பெற்று நெடுங்கேணிக்குத் திரும்பிய கையோடு, ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் கருங்கல்லை உடைத்துக் கிணறு வெட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, அந்தக் கல்லைப் பார்க்கப் போன இடம் அது. இருபத்தைந்து அடிக்குக் கீழே அந்தத் தலை தெரிந்தது.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அவர் பேர்போன கிணறுவெட்டி. அங்கே நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். கடற்சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துப் பொந்தும் பொள்ளலுமாக்கி வைத்திருக்கிறது. உடைத்தால் தண்ணீர் பீறிக்கொண்டு வரும். இருபது வருடத்தில் அவர் கைவைத்த கிணறு ஒன்றும் பொய்த்ததில்லை. மூன்று ஏக்கர் காணி கிடைத்து வன்னிக்கு வந்தபோது, கல் பெயர்க்கும் அலவாங்கு, சம்மட்டியோடு அந்த நம்பிக்கையையும் கட்டிக்கொண்டு வந்தார்.

இங்கே பதினைந்து அடியில் உக்கிய கல் வந்தது. அதில் தண்ணீர் கசிந்தது. அதற்குக் கீழே கருங்கல். பக்கத்துக் காணிக்காரர் வீரகத்தி, வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர், வேலியோரம் நின்று சொன்னார்:

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. இஞ்ச தண்ணி கல்லுக்கு மேலதான் நிக்கும். அகலிச்சு வெட்டுங்கோ, குடும்பத்துக்குக் காணும்."

"கசிவை நக்கிக் குடிக்க நான் என்ன சேத்துத் தவக்கையே? ஊத்து கல்லுக்குக் கீழ."

"இந்தக் கல்லுக்குக் கீழ எண்டு ஒண்டும் இல்லை அண்ணை."

"காட்டில பாலைப்பழம் பொறுக்கித் திரியிற ஆளுக்குக் கிணத்தைப் பற்றி என்ன தெரியும்? போம் ஐசே."

வீரகத்தி படிக்காமல் சொன்னதை அறிய எனக்குப் பேராதனையில் நாலு வருடம் வேண்டியிருந்தது. வன்னிக்கல் கடலில் படிந்ததல்ல. பூமியின் ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெந்து, நசுங்கி, உருமாறி இறுகியது. மேலே கிடந்ததெல்லாம் தேய்ந்துபோன பிறகே வெளியில் தலைகாட்டியது. வெயிலும் மழையும் உக்கவைத்த மேல்தோல்தான் நீரைப் பிடித்து வைத்திருக்கும். இதை நான் எடுத்துச் சொன்னபோது ஏரம்பு ஏணியில் நின்றபடி சிரித்தார்.

"பேராதனையில கிணறு வெட்டவும் பழக்குகினமோ தம்பி?"

அவருக்கு நாள் போதவில்லை. வற்றிய குளத்துச் சேற்றை வடித்துக் குடித்து இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டம். ஆடி முடிவதற்குள் தண்ணீர் வராவிட்டால் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுவதாக மனைவி இராசேஸ்வரி சொல்லிவிட்டார். ஏரம்பு ஊரிலிருந்து தம்பி அப்புத்துரையைக் கூப்பிட்டு, வெடி வைக்கத் தொடங்கினார்.

ஆடி ஒன்பதாம் நாள். நாற்பது அடி. மூன்று குழி, மூன்று திரி. பற்றவைத்து மேலே ஏறி, பாலைமரத்தடியில் நின்று எண்ணினார்.

"ஒண்டு. ரெண்டு." சற்றுப் பொறுத்து, "மூண்டு. இறங்கடா தம்பி."

சுண்ணாம்புக்கல்லின் பொந்துகள் வெடிச்சத்தத்தை விழுங்கிவிடும். அந்தக் கிணறுகளில் பழகிய காது அவருடையது. கருங்கல் சத்தத்தைத் திருப்பி எறியும். அவர் மூன்றாவதாக எண்ணியது எதிரொலி. அப்புத்துரையின் அலவாங்கு வெடிக்காத குழியில் விழுந்தபோதுதான் மூன்றாவது வெடி கேட்டது.

உடலை அள்ளச் சாக்கோடு இறங்கியவர் வீரகத்தி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் ஏரம்பு மறுபடி கிணற்றுக்குள் இறங்கினார்.

"தண்ணி காணாமல் விட்டால் அவன் செத்தது வீணாப் போயிடும்."

"வீணாத்தான் போச்சுது," என்றார் இராசேஸ்வரி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினார்.

ஏரம்பு ஐம்பத்திரண்டு அடிவரை போனார். கல் அதே கல். வெடி பிளந்த கீறல்களுக்குள் மேலே கசிந்த நீரும் இறங்கி மறைந்துவிட்டது. அடுத்த கோடையில் வீரகத்தி தன் காணியில், வேலிக்கு அந்தப் பக்கம், பதினாறடியில் அகலக் கிணறு ஒன்று வெட்டினார். அது இன்னும் வற்றவில்லை.

ஏரம்பு இப்போது ஓமந்தையில், தெருவுக்குச் சல்லிக்கல் உடைக்கிறார். தனியாகத்தான் இருக்கிறார்.