பச்சைக் கொழுந்தில் இல்லாத பீக்

தேயிலை விலை அடிமட்டத்தில் கிடந்த காலம். குன்னூரில் நான் வேலை பார்த்த லேபிலிருந்து ஒரு ஃபேக்டரிக்கு, "தூளில் பூச்சிமருந்து எச்சம் உண்டு" என்று ரிப்போர்ட் போனது. சாம்பிளை மெஷினில் ஓட்டியவள் நான். விற்ற அந்த லாட் சரக்கு திரும்பி வந்தால் ஃபேக்டரியை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

மறுநாள் அங்கே தூள் தயாரிக்கும் டீ மேக்கர் சிவலிங்கம் பந்தலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றார்.

"மேடம், விக்கிற வெலைக்கு உரம் போடவே வக்கில்ல. மருந்து எங்கங்க அடிக்கிறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மெஷின் பொய் சொல்லுமாங்க?" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மெஷின் வரையும் கோட்டில், மருந்து வரவேண்டிய அதே நிமிடத்தில் 'பீக்' என்கிற மேடு வந்தது. அதை நம்பி எழுதிவிட்டேன். தேயிலையில் இயல்பாக உள்ள ஏதாவதும் அதே நிமிடத்தில் வரலாம். மருந்தே படாத தேயிலையை 'பிளாங்க்' என்று முதலில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அவர் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால், யாரும் மருந்தடிக்காத செடிகள் இருந்தன. அந்தக் கொழுந்தைக் கொண்டுவரச் சொல்லி ஓட்டினேன். பீக் இல்லை. மனுஷன் முகம் செத்துப்போனது.

"அப்ப உங்க தூள்ல இருக்கறது மருந்துதானுங்களே?" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ஓட்டுனது பச்சக் கொழுந்து. நாங்க அனுப்புனது தூளுங்க. வாட்டி, கசக்கி, புளிக்க வெச்சா நெறமே மாறிப்போவுது. உள்ள இருக்கறது மாறாதுங்களா?"

ஐயோ, எம்.எஸ்ஸி. படித்தது நானா, அவரா!

ஃபேக்டரி மெஷினில் பழைய தூள் ஒட்டியிருக்கும் என்று, அதே செடிகளின் கொழுந்தை வீட்டிலேயே கையால் கசக்கி, புளிக்கவைத்து, புதுச் சட்டியில் உலர்த்தி ஒரு டப்பா தூளுடன் மறுபடி வந்தார். ஓட்டினேன். அதே நிமிடம், அதே பீக்! புளிக்கும்போது உண்டாகும் நிறப்பொருள்தான் மருந்து வேஷம் கட்டியிருந்தது.

அதைப் பிடித்துக்கொள்ளும் பொடியைச் சாற்றில் கலந்து வடிகட்டினேன். பீக் போயிற்று. மருந்தும் சேர்ந்து போகிறதோ என்று, தெரிந்த அளவு மருந்தை அவர் தூளில் கலந்து பார்த்தேன். அதே பொடியில் வடிகட்டிய பிறகும் மருந்தின் பீக் ஒழுங்காக வந்தது. பிறகு அந்த லாட்டின் சாம்பிளையும் அதே மாதிரி வடிகட்டி ஓட்டினேன். சுத்தம்.

"ரிப்போர்ட்டத் திரும்ப வாங்குனா லேப் பேரு கெடுமேம்மா," என்றார் எங்கள் தலைமை அனலிஸ்ட்.

"தப்பு என்னுதுன்னே எழுதிருங்க சார்."

"செக் பண்ணாம விட்டது நானுந்தானே," என்று திருத்திய ரிப்போர்ட்டில் எனக்கு முந்தி அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெரிய மனசுக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஃபேக்டரி மூடவில்லை. இளையவர்களே, சாம்பிள் எப்படித் தயாரானதோ அப்படியே தயாரான பிளாங்க் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் எரிந்து விழுந்த பிறகும் சிவலிங்கம் அண்ணன் மறுபடி பஸ் ஏறி வந்தாரே, வராமல் இருந்திருந்தால்? ஒரு ஃபேக்டரியை மூடவைத்துவிட்டு, சரியாகத்தான் வேலை செய்தேன் என்று நம்பியே நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்.