அவள் ஏன் உள்ளே ஓடினாள்

வியாழக்கிழமை எங்கள் பள்ளிகளுக்கு விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த வழக்கம் அது. பாகூரில் நான் வாத்தியாராகச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அந்த விடுமுறையும் கையைவிட்டுப் போயிற்று. சுற்றுக் கிராமங்களில் தற்காலிகமாகப் பாடம் நடத்திவந்தவர்களுக்கு பள்ளி இன்ஸ்பெக்டர் ஓர் உத்தரவு போட்டிருந்தார். தமிழ் ப்ரெவே என்ற சான்றிதழ்ப் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிலைக்கும். அந்தப் பரீட்சையில் பெரும்பாலோர் விழுந்த இடம் ஒன்றுதான். ஒரு செய்யுளைக் கொடுத்து, அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். நான் புதுச்சேரியில் படித்துத் தேறியவன், கல்யாணம் ஆகாதவன், வியாழக்கிழமைகளில் எனக்கு என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்று அவரே முடிவு செய்து, அவர்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என் தலையில் வைத்தார்.

ஆரம்பத்தில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நடவு தொடங்கியதும் பலர் நின்றுவிட்டார்கள். கடைசிவரை வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் செலியமேட்டுக்காரர். நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம். நாற்பதை நெருங்கியவர். உரத்த குரல். தன்னுடைய தமிழைப் பற்றி அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இன்னொருவர் மதகடிப்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தவர். அண்ணன்மார் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் பக்கத்துக் கிராமத்தில் பாடம் நடத்தினார். ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவதைச் செலவழிக்க மாட்டார். இருவரும் என்னைவிட மூத்தவர்கள். படித்தவர்களைக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்கள் என்னை 'முசே' என்றார்கள். நான் ஒருவரை அண்ணே என்றும் மற்றவரை பாய் என்றும் கூப்பிட்டேன்.

எனக்குப் பாடம் சொன்ன பிரெஞ்சு ஆசிரியர் ஒரு முறையைப் பழக்கியிருந்தார். செய்யுளைப் படித்ததும் உனக்கு என்ன படுகிறது என்பதை முதலில் நேராகச் சொல். ஏன் அப்படிப் படுகிறது என்பதற்குச் செய்யுளிலிருந்தே சொற்களை எடுத்துக் காட்டு. ஒன்றிலிருந்து ஒன்று வளரட்டும். இவ்வளவும் பார்த்தபின் முதலில் சொன்னது எப்படித் தெளிவாயிற்று என்று சொல்லி நிறுத்து. இதைவிடச் சுலபமான காரியம் கிடையாது என்று நினைத்துக்கொண்டுதான் நான் கரும்பலகைமுன் போய் நின்றேன்.

வாசகப் புத்தகத்தில் ஒரு சின்னச் செய்யுள் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. வெகுநாள் மழை இல்லாத ஊரில் ஒருநாள் மழை வருகிறது. ஊரே வெளியே ஓடிவந்து நனைகிறது. ஒருத்தி மட்டும் வீட்டுக்குள்ளே ஓடுகிறாள். அவ்வளவுதான். ஏன் ஓடினாள் என்று செய்யுள் சொல்லவில்லை. அதைத்தான் நான் கேட்டேன்.

செலியமேட்டு அண்ணன் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"இன்னா முசே இது, தெரியாமலா இருக்குது? ரெண்டாம் அடியில 'கருத்த கூரை'ன்னு போட்டுருக்கான் பாருங்க. கீத்து எப்பக் கறுக்கும்? மாத்தாம உட்டா கறுக்கும். வூட்டுல ஆம்பள இல்ல. இருந்தா மாத்தியிருப்பான். ஊருக்கெல்லாம் மழ வந்துச்சு, அவளுக்கு ஒழுகல் வந்துச்சு. பானைய எடுத்து வெக்க ஓடுறா. ஆனா மழய அவ திட்டல பாருங்க. கடைசி அடியில 'சிரித்தபடி'ன்னு இருக்குது. அங்கதான் இருக்குது விஷயம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் செய்யுளை நான் எத்தனையோ முறை படித்தவன். ஆம்பிளை இல்லாத வீடு என்பது எனக்குத் தோன்றியதில்லை. "அண்ணே, இதை அப்படியே எழுதுங்க" என்றேன்.

அவர் எழுதினார். வெகுநேரம் எழுதினார். வாங்கிப் பார்த்தேன். "மாரி பொய்த்திடின் மாநிலம் வாடும், மாநிலம் வாடிடின் மன்னுயிர் வாடும்" என்று தொடங்கி, மழையின் பெருமை, மேகத்தின் கொடை, புலவரின் புலமை என்று போய், நாமும் மழைபோல் பிறருக்கு உதவ வேண்டும் என்று முடிந்திருந்தது.

"அந்தப் பொம்பளை எங்கே அண்ணே?"

"எந்தப் பொம்பள?"

"உள்ளே ஓடினாளே, அவள்."

"அதெல்லாம் பேச்சுல சொல்றது முசே. எழுத்துல வெச்சா நல்லாருக்குமா? பானை, ஒழுகல்னு பாண்டிச்சேரிக்கு எழுதி அனுப்பச் சொல்றீங்களா?"

பாயின் தாளை எடுத்தேன். "மழை வந்தது. எல்லோரும் வெளியே ஓடினர். அவள் உள்ளே ஓடினாள். கூரை ஒழுகும்." மிச்சத் தாள் வெள்ளையாகக் கிடந்தது.

"சரிதான் பாய். ஆனால் கூரை ஒழுகும் என்று எப்படித் தெரிந்தது? அதை எழுத வேண்டாமா?"

"பாட்டுலயே இருக்குதே."

"எந்த இடத்தில் என்று காட்ட வேண்டும்."

"படிச்சவங்கதான திருத்துறாங்க. பாத்துக்குவாங்க."

மழைக்காலம் முழுக்க இதே கதைதான். ஒருவரிடம் வெட்டச் சொன்னேன், மற்றவரிடம் வளர்க்கச் சொன்னேன். முதல் வாக்கியத்தை நானே கரும்பலகையில் எழுதிப்போட்டு, இதிலிருந்து தொடருங்கள் என்றேன். அண்ணன் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டு அடுத்த வரியிலேயே மேகத்துக்குப் போய்விடுவார். பாய் அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார். நான் முதலில் சொன்னதைத்தான் அவரும் சொல்ல நினைத்தாராம். பிறகு எதற்கு மறுபடியும் என்றார். வீட்டுக்குப் போனபின்னும் எனக்கு எரிச்சல் அடங்காது. சாப்பாட்டின்முன் உட்கார்ந்து அவர்களோடு மனசுக்குள் வாதாடிக்கொண்டிருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. வேறொரு செய்யுள் கொடுத்திருந்தேன். அண்ணனுடைய தாளில் அதே மாநிலம், அதே மன்னுயிர். "இது கட்டுரையா அண்ணே? எந்தச் செய்யுளைக் கொடுத்தாலும் இதையே ஒட்டலாமே. இதற்குச் செய்யுள் எதற்கு?" என்று கத்திவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பாய்தான் சொன்னார். "நீங்க போய்க் கூப்பிடணும் முசே. அவரு வர மாட்டாரு."

என் பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஒரு பிற்பகல் சைக்கிளில் செலியமேட்டுக்குப் போனேன். ஒரே அறைதான் பள்ளிக்கூடம். அண்ணன் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதே மழைச் செய்யுள். ஜன்னலோரம் நின்றேன்.

"ஏண்டா உள்ள ஓடுனா?"

"நனைஞ்சா சளி புடிக்கும்" என்றது ஒரு குரல்.

"அப்படின்னு எங்க எழுதியிருக்குது? காட்டு."

பையன் புத்தகத்தில் தேடினான். இல்லை. உட்கார வைத்தார். ஒரு பெண் எழுந்து, வரட்டி காய வைத்திருப்பாள் என்றாள். அதையும் காட்டச் சொன்னார். அவளாலும் முடியவில்லை. கடைசியில் ஒருவன் 'கருத்த' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தான். "ஆங். அதுலேர்ந்து இன்னா தெரியுது? அதுக்கு அப்புறம் இன்னா தெரியுது?" என்று அந்தப் பையனைப் படிப்படியாகக் கடைசி அடியிலிருந்த சிரிப்புவரை நடத்திக்கொண்டு போனார். நான் வாரக்கணக்கில் கரும்பலகையில் எழுதிப்போட்டு அழித்ததெல்லாம் அங்கே, ஒரு வரி பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "அண்ணே, இப்போது பிள்ளைகளிடம் செய்தீர்களே, அதுதான் கட்டுரை. அதே வரிசையில் எழுதினால் போதும்" என்றேன்.

"புள்ளைங்களுக்குப் புரியணும் முசே. அதனால அப்படிக் கேட்டேன்."

"திருத்துகிறவருக்கும் புரியட்டுமே."

"அவருக்குப் புரிய வெக்க நான் யாரு?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். ஒரு தடவை எழுதித்தான் பாருங்களேன் என்று கெஞ்சினேன். பரீட்சைக்கு அப்படியே எழுதிப் பார்ப்பதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டார். வகுப்புக்கும் மறுபடி வர ஆரம்பித்தார்.

பரீட்சை நாளன்று நானும் புதுச்சேரிக்குப் போயிருந்தேன். மாட்டை விற்ற ஒருவனைப் பற்றிய செய்யுள் வந்திருந்தது. வாங்கியவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான். விற்றவன், கயிற்றைத் திருப்பிக் கொடு என்று கேட்டபடி ஊர் எல்லைவரை பின்னாலேயே நடக்கிறான். வெளியே வந்ததும் அண்ணன் மரத்தடியில் நின்று கையை வீசிப் பேசத் தொடங்கிவிட்டார்.

"தேய்ந்த கயிறுன்னு போட்டுருக்கான் முசே. தேஞ்ச கயித்த எவன் திருப்பிக் கேப்பான்? கயிறு வோணும்னு சொன்னாத்தான் கூடப் போவலாம். இல்லன்னா வித்தவனுக்கு மாட்டுப் பின்னால போறதுக்கு இன்னா நியாயம் இருக்குது?"

"எழுதிவிட்டீர்கள் அல்லவா?"

"இதையா?" அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "உழவோட பெருமைய எழுதிட்டேன். எடம் போதல."

பாய் பக்கத்தில் நின்றார். அவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கயிறு எந்த அடி, தேய்ந்தது எந்த அடி, ஊர் எல்லை எந்த அடி என்று ஒவ்வொன்றாகக் காட்டியதாகச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் ஒரு ஹோட்டலில் நான் அவருக்கு இரண்டு காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

முடிவு வந்தது. அண்ணன் தேறினார். பாய் தேறவில்லை.

இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். செலியமேட்டுக்காரர் கட்டுரையைத் திருத்தியவர்கள் மெச்சினார்களாம். அதற்காக என்னையும் பாராட்டினார். "மற்றவருடையது வறட்சியாக இருந்ததாம். சுவை இல்லையாம்" என்றார்.

"ஐயா, அவர் ஒருவர்தான் அந்தச் செய்யுளைப் பற்றி எழுதினார்."

"இருக்கலாம். தமிழ் நன்றாக இருக்க வேண்டாமா?"

என்னவெல்லாமோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வரும்போது வில்லியனூர் தாண்டும்வரை யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அண்ணன்மேல் கோபப்படவும் முடியவில்லை. திருத்துகிறவர்களை என்னைவிட அவர்தான் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். அவருக்கு வேலை நிரந்தரமாயிற்று. வீட்டுக் கரும்பில் காய்ச்சிய வெல்லம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மறுவருஷம் பாய் மட்டும் பழைய ஆளாக வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாநிலமும் மன்னுயிரும் அதில் பத்திரமாக இருந்தன.

"அண்ணன்கிட்ட எழுதி வாங்கினேன். எந்தப் பாட்டு வந்தாலும் முன்னால வெச்சுக்கலாம்னாரு."

தாளைக் கிழித்துப் போடலாம் என்றிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் வேலை வேண்டும். இருவரும் உட்கார்ந்து அந்தப் பத்தியைக் குறைக்க முடிந்த அளவு குறைத்தோம். மேகத்தின் கொடையை நான் எடுத்துவிட்டேன். புலவரின் புலமையை மட்டும் விட்டுவைக்கலாம் என்று அவர் சொன்னார். அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் எழுதினார். தேறினார்.

தேறியதைச் சொல்ல வந்தவரிடம், "நடுவில் என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுதான். மூணு எடம் காட்டுனேன்."

"மூன்றுதானா? இன்னும் இருந்திருக்குமே."

"இருந்துச்சு முசே. ரொம்ப நல்ல எடம் ஒண்ணு இருந்துச்சு. அந்த முன்பத்திய எழுதி முடிக்கவே நேரம் போயிடுச்சு."